மாமா பிடிக்காத கை

என்னை 'வாயாடி' என்றே கூப்பிட்ட என் ஆசை அப்பு,

நீங்கள் கண்மூடிய பிறகும் நயினாதீவுக்குப் போகும் எங்கள் வள்ளம் ஓடுகிறது. தம்பி ஜேர்மனிக்குப் போய்விட்டான். உங்கள் மருமகன் எஞ்சினைப் பிடிக்கிறார். முன்னால், அணியத்தில் கயிற்றோடு நின்று சனத்துக்குக் கை கொடுத்து இறக்குவது யார் தெரியுமா? சிரிக்காதீர்கள். நான்தான்.

பெண்களுக்குச் சந்தோசம். "இவ்வளவு நாளும் ஆம்பிளையளின்ர கையைப் பிடிக்க வெக்கமாக் கிடந்தது, அக்கா" என்று இறுக்கிப் பிடித்து இறங்குகிறார்கள். ஆண்கள்தான் என் கையைக் கண்டதும் கடலைப் பார்க்கிறார்கள். "பொம்பிளை நிக்கிற வள்ளத்தில ஏறேலாது" என்று அடுத்த வள்ளத்துக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. இப்படியே போனால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட வேண்டியதுதான். அதனால் பகிடி பண்ணியே ஆட்களை வழிக்குக் கொண்டுவந்தேன். பலர் சிரித்துக்கொண்டு கையைத் தந்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

முந்தின வெள்ளிக்கிழமை, நான் அணியத்தில் நிற்கத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக, உங்கள் கூட்டாளி எங்கள் வள்ளத்தில் வந்தார். பெயர் எழுதமாட்டேன். ஒரு வெள்ளியும் தவறாமல் அம்மாளைக் கும்பிடப் போகிறவர் என்றால் உங்களுக்குத் தெரியும். துறையில் வள்ளம் ஏறித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவருடைய இடது கையில் அருச்சனைத் தட்டு. நான் கையை நீட்டினேன். அவர் வலது கையைச் சால்வைக்குள் மறைத்தார்.

"விடு பிள்ளை. நான் பொம்பிளையின்ர கையைப் பிடிச்சு இறங்கிற ஆள் இல்லை."

"அப்ப கலியாணத்தண்டு மாமியின்ர கையை ஆர் மாமா பிடிச்சது? கூலிக்கு ஆள் பிடிச்சனீங்களோ?"

வள்ளம் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. வள்ளம் உயர முன்னரே அவசரமாகக் காலை வைத்தார். முழங்கால் படியில் அடிபட்டது. தட்டு கடலில் போனது. பாய்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். அந்த விரல்கள் மடங்கவில்லை, அப்பு. என் கைக்குள் ஈரத்துணி போலக் கிடந்தன.

"மாமா, கை..."

"உன்ர கொப்பருக்குத் தெரியும்" என்றார், எனக்கு மட்டும் கேட்க. உங்களைத்தான், அப்பு.

எல்லோருக்கும் கை கொடுத்த நீங்கள் அவரை மட்டும் ஏன் இடுப்பில் அணைத்து இறக்கினீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. "புதுப் பொம்பிளையை இறக்கிற மாதிரியெல்லோ இறக்கிறியள்" என்று அதையும் பகிடி பண்ணினேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். ஒரு சொல் சொன்னீர்களா? பெண்ணான என்னால் அவரை அப்படி அணைத்து இறக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதை மறைக்கத்தானே அந்த வீறாப்பு? பெண் என்று என்னை இளக்காரம் பண்ணுகிறார் என்றல்லவா நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து அணியத்தில் நிற்கவே கூசுகிறது. "என்ன அக்கா, வாயில கொழுக்கட்டையோ?" என்று சனம் கேட்கிறது. நேற்றும் வெள்ளிக்கிழமை. அவர் வரவில்லை. "முழங்கால் காயம் ஆறிட்டுது. ஆனா இனிக் கோயிலுக்குப் போகமாட்டாராம்" என்றார் மாமி. என் வாயால் ஒரு மனிதருக்கு அம்மாள் தூரமாகிப் போனாளே, அப்பு?

உங்கள் நினைவுநாளுக்கு இது பத்திரிகையில் வரும்போது அன்று வள்ளத்தில் இருந்தவர்கள் வாசித்தால், அவருக்கு முன்னால் வாசித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

வருகிற வெள்ளி விடிய அவர் வீட்டுப் படலையில் நிற்பேன். "தட்டை நான் பிடிக்கிறன் மாமா. நீங்கள் இடக்கையை என்ர தோளில வைச்சு இறங்குங்கோ" என்று கேட்பேன். வருவாரா? வந்தால், துறையில் நிற்பவர்கள் சிரிக்கிறதென்றால் சிரிக்கட்டும். அவருடைய இரண்டு காலும் கரையில் படும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் இடத்தில் நிற்கும் மூத்த மகள்,
பாக்கியம்