பத்து மீற்றர் முன்னால்

10 நவம்பர், ஞாயிறு

மைதானத்தில் புல் வெட்டியிருந்தார்கள். நூற்றிருபது மீற்றர் ஓட்டம் ஆறு தடவை. ஆறாவது முடிந்ததும் அப்படியே விழுந்து கிடந்தேன். ஊரார் தசையெல்லாம் உருவிச் சரிப்படுத்துகிற நாற்பத்தாறு வயதுப் பிசியோ இப்படி வாய் பிளந்து கிடப்பதை என் நோயாளிகள் யாரும் கண்டால் நாளைக்கே வேறு கிளினிக் தேடுவார்கள். ஹம்சா தண்ணீர்ப் போத்தலை என் வயிற்றில் வைத்து, "எந்திரிங்கக்கா, எறும்பு கடிக்கும்" என்றாள்.

நாலு வருடமாக இவளோடுதான் ஓடுகிறேன். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், மெல்பேர்ணில் கிளேட்டன் பக்கம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கணினி வேலை. எனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை என்ற குறை இவளால் தீர்ந்தது என்று போன வருடம் இதே கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

வருடா வருடம் ஈஸ்டருக்கு நடக்கிற பெரிய ஓட்டத்தில் இந்த முறை இறுதியில் வென்றே தீருவேன். ஆறு வருடம் போய், மூன்று முறை அரையிறுதியோடு திரும்பி வந்தாயிற்று. வென்றவருக்குத் தோளில் ஒரு நீலப் பட்டி போடுவார்கள். சிறிதரனுக்கு அது பகிடி. "உமக்கு ஒரு நீலப் பட்டிதானே வேணும்? பழைய சீலையிலை நானே வெட்டித் தாறன்." இருபது வருடம் குடும்பம் நடத்தியும் மனுசனுக்கு இது மட்டும் விளங்காது.

30 நவம்பர், சனி

பருவத்தின் முதல் ஓட்டம். கார்ப் பயணம் இரண்டரை மணி நேரம். நானே ஓட்டுவேன், கதையும் நானே சொல்வேன். ஹம்சா முறுக்கை உடைத்து உடைத்து என் வாயில் போடுவாள்.

இன்றைக்கு டொனால்ட்சன் கதை. 1910இல் ஜொகனஸ்பேர்க்கில் நூறு யாரை ஒன்பது விநாடியும் எட்டில் மூன்று பங்கும் எடுத்து ஓடி முடித்தவர். அவரும் போசில் என்ற இன்னொரு ஓட்டக்காரரும் கண்டம் விட்டுக் கண்டம் போய் ஒருவரையொருவர் துரத்தியவர்கள். காசுக்கு ஓடியவர்கள் என்பதால் ஒலிம்பிக் பக்கமே அண்டவிடவில்லை. நூலகத்தின் பழைய பேப்பர்களில் இருந்து நான் அச்செடுத்து ஒட்டி வைத்திருப்பது இப்போது மூன்று கொப்பி.

பிறகு அந்தக் காலத்துத் திருகுதாளங்களும் சொன்னேன். எங்கள் ஓட்டமும் அதே பழைய முறைதானே: வேகமானவர் கோட்டிலிருந்து புறப்பட வேண்டும், வேகம் குறைந்தவருக்கு அவரவர் நிலைக்கு ஏற்ப மூன்று மீற்றரோ எட்டு மீற்றரோ முன்னால் இடம். அந்த மீற்றரைத் தீர்மானிக்கிறவர் பருவம் முழுக்க நம்முடைய நேரங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். ஆகவே சில பேர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, மீற்றரைச் சேர்த்துக்கொண்டு, பெரிய ஓட்டத்தன்று பறந்திருக்கிறார்கள். பொய்ப் பெயரில் ஓடினார்கள். சப்பாத்துக்குள் ஈயம் வைத்தும் ஓடினார்கள்.

"ஈயமா? கால் வலிக்காதாக்கா?"

வலிக்கும், தொடையின் பின்தசைதான் முதலில் நோகும் என்று ஒரு பாடமே எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் நாலு மீற்றரில் நின்று மூன்றாவதாக வந்தேன். ஹம்சா ஏழு மீற்றரில் நின்று ஐந்தாவது.

15 டிசம்பர், ஞாயிறு

என் பிறந்தநாளுக்கு ஹம்சா ஒரு சின்ன மண்கரண்டி தந்தாள், கைப்பிடியில் சிவப்பு ரிபன் கட்டி. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் கால் ஊன்றிப் புறப்பட நிலத்தில் குழி தோண்டுவார்கள் என்று எப்போதோ சொன்னது. நானே மறந்துவிட்டேன். இவள் நான் சொல்கிற ஒன்றையும் மறப்பதில்லை.

வலது தொடையில் பின்பக்கம் நோகுது என்றாள். அழுத்திப் பார்த்தேன். உண்மையாகவே இறுகிப்போய்த்தான் இருந்தது.

11 ஜனவரி, சனி

ஹம்சா கடைசி. முகம் வெளிறி, மூச்சு வாங்கி, கண் கலங்கி வந்து நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது. சும்மா ஓடியவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள், நான் கோட்டடியில் நின்று கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் மேசையில் படுக்க வைத்து ஒரு மணி நேரம் உருவிவிட்டேன்.

18 ஜனவரி, சனி

மீற்றர் தீர்மானிக்கிற கீத் கிழவன் என்னைக் கூப்பிட்டு, உன் சிநேகிதிக்கு என்ன என்று கேட்டார். பின்தசை நோவு என்றேன். கடிதம் இருந்தால் நல்லது என்றார். கிளினிக் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். "நீ சொன்னால் எனக்குப் போதும்" என்றார். இருபத்தைந்து வருடமாக இந்தப் புல்லில் எல்லாருடைய பொய்யையும் கேட்ட மனிசன். அவர் வாயால் அப்படி வந்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

9 பெப்ரவரி, ஞாயிறு

ஹம்சாவின் கால் நிலத்தில் விழுகிற சத்தம் மாறியிருக்கிறது. பாரமாக விழுகிறது. இந்த வருடம் ஓடாதே, கிழிந்துவிடும் என்று கெஞ்சினேன். கேட்கிறாளில்லை.

8 மார்ச், சனி

ஈஸ்டருக்கான மீற்றர்கள் வந்துவிட்டன. எனக்கு நாலு. ஹம்சாவுக்குப் பத்து. போனில் அழுதாள். பத்து மீற்றர் என்றால் என்னைக் கிழவி என்று எழுதித் தந்த மாதிரி என்றாள். தேற்றினேன்.

19 ஏப்ரல், சனி

முதல் சுற்று தாண்டி அரையிறுதி. நான் வென்றேன்! ஹம்சாவும் தன் சுற்றில் தப்பித் தவறி இரண்டாவதாக வந்து இறுதிக்கு வந்துவிட்டாள். புதிய ஆணிச் சப்பாத்து வாங்கியிருக்கிறாள், இளஞ்சிவப்பு. ராசியாம். மோட்டல் அறையில் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரிக் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழ் அறைக்காரன் தட்டினான்.

21 ஏப்ரல், திங்கள்

இரண்டாவது.

ஒரு முழம் வித்தியாசம் இருக்கும். எண்பதாவது மீற்றரில் எல்லாரையும் தாண்டிவிட்டேன், ஹம்சா ஒருத்திதான் முன்னால். எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் குறையவே இல்லை. இளஞ்சிவப்புச் சப்பாத்து இரண்டும் என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன. இப்படி அவள் ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அழுதேன். பிறகு போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். எனக்குக் கிடைக்காததுதான், ஆனால் வேறு யாருக்கோவா போனது?

விசாரிக்கிறவர்கள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். பருவம் முழுக்கக் கடைசியாக வந்தவள் இன்றைக்கு எப்படி என்று கேட்கத்தானே செய்வார்கள். நானாகவே உள்ளே போனேன். கால் சுகமாகிவிட்டது, நான்தான் வைத்தியம் செய்தேன், என் வார்த்தையை நம்புங்கள் என்றேன். கீத் என்னை ஒருமுறை பார்த்தார். விசாரணைக் கோப்பை மூடினார்.

அவள் தன் கணவன் ஜெகதீஷோடும் பிள்ளைகளோடும் அவர்கள் காரில் போய்விட்டாள். நான் தனியாக ஓட்டி வந்தேன். முறுக்குப் பை பின் சீற்றில் அப்படியே கிடந்தது.

22 ஏப்ரல், செவ்வாய்

கார் டிக்கியில் ஹம்சாவின் பழைய சப்பாத்துப் பை இருந்தது. மணலைத் தட்டி வைப்போம் என்று ஒன்றை எடுத்தேன். கை தாழ்ந்தது.

உள் அட்டையைக் கிளப்பினேன். தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள். சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஒட்டுநாடா சுற்றி, வரிசையாக ஒட்டி இருக்கு. இரண்டு சப்பாத்திலும். ஜெகதீஷ் மீன் பிடிக்கப் போகிற ஆள்.

குசினித் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு சப்பாத்துக்குள் நூற்றெண்பது கிராம்.

ஏன் எடை பார்த்தேன் என்று தெரியவில்லை. எடை பார்த்தால் குறையுமா?

23 ஏப்ரல், புதன்

வேலைக்குப் போனேன். ஒன்பது பேருடைய கால்களைத் தொட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். ரிவிப் பெட்டிக்கு மேலே நீலப் பட்டி தொங்குது. பிள்ளைகளை ஜெகதீஷ் பார்க்குக்குக் கூட்டிப் போயிருந்தார். "வாங்கக்கா, காபி போடட்டுமா" என்றாள். சப்பாத்துப் பையை மேசையில் வைத்தேன். காபி போடவில்லை.

கதிரையில் இருந்தாள். அழவில்லை. நான் எதிர்பார்த்தது அழுகையை. அழுதிருந்தால் எனக்கும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"ஏன் ஹம்சா, மெதுவாய் ஓட வேணுமெண்டால் மெதுவாய் ஓடலாமே? இந்த ஈயமெல்லாம் எதுக்கு?"

"மெதுவா ஓடுற மாதிரி நடிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிரும்க்கா. கீத்தை ஏமாத்திரலாம். உங்க கண்ணை ஏமாத்த முடியாது. அதான் வெயிட் வெச்சு நிஜமாவே உயிரைக் குடுத்து ஓடினேன்."

"அப்ப கால் நோவு?"

"அது நிஜம்க்கா. அதுல பொய்யே இல்லை."

நோவு நிஜமாம்! நிஜமான நோவைத்தான் நான் உருவி உருவி எடுத்தனானாம்! மணித்தியாலக் கணக்கிலை என்ரை கை நோக நோக உருவினனே, அப்ப எல்லாம் அந்த மேசையிலை குப்புறப் படுத்துக்கொண்டு என்ன நினைச்சிருப்பாள்? சிரிச்சிருப்பாளோ? ஈயம் எனக்காக வைச்சதாம். வேறை ஒருத்தருக்கும் இல்லை. எனக்கு மட்டும். அந்த ஈயத்தைச் சொல்லிக் குடுத்ததும் நான்தான், ஒரு கையால் ஸ்டியரிங், வாய் நிறைய அவள்ரை முறுக்கு.

இன்னும் சொன்னாள்: "நாலு வருஷமா எல்லாருக்கும் நான் உங்க ஃப்ரெண்ட், வெறும் நிரூபாவோட ஃப்ரெண்ட். கீத்துக்கு இன்னும் என் பேரைச் சரியாச் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு தடவை நான் நானா இருக்கணும்னு நினைச்சேன்க்கா. அது தப்பா?"

பெயரில்லாமல் இருப்பது நோகும்தான். அது எனக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் அதற்கு என் கையெழுத்தா கிடைத்தது?

வாசலில் நான் சப்பாத்துப் போடும்போது பின்னால் வந்து நின்றாள். "சொல்லப் போறீங்களா? சொன்னா பட்டி உங்களுக்குத்தான் வரும். ஆளுங்க என்ன பேசுவாங்கன்னு யோசிச்சுக்கங்க."

30 ஏப்ரல், புதன்

சிறிதரனிடம் சொன்னேன். இந்த முறை பகிடி விடவில்லை.

"சொன்னால் எரிச்சலிலை சொல்லுறாள் எண்டுதான் கதைப்பினம்," என்றார். பிறகு, "ஆனா அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்தது நீர்தானே."

எரிச்சல் இல்லையா எனக்கு? இருக்கு. இரண்டாவதாக வந்தவள் நான். அவளுக்கு நியாயமாக ஏழு மீற்றர் தந்திருந்தால் பட்டி என்னுடையது. இந்த எரிச்சலோடு உண்மை சொன்னால் அது உண்மையாக இருக்குமா?

4 மே, ஞாயிறு

கீத்துக்கு எழுதினேன். ஐந்து முறை கிழித்து ஆறாவது. ஈயம், நிறை, என் கடிதம், ஈஸ்டர் திங்களன்று விசாரணையில் நான் சொன்னது, எல்லாம். வென்றவராக என்னை அறிவிக்க வேண்டாம், அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும் என்றும் கேட்டேன். தராசில் வைத்தபோது எடுத்த சப்பாத்துப் படத்தையும் அனுப்பினேன். அனுப்பியபிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

22 மே, வியாழன்

ஹம்சாவுக்கு ஒரு பருவம் தடை. என் வேண்டுகோளை ஏற்கவில்லை. முதலாமவர் நீக்கப்பட்டால் இரண்டாமவர் முதலாமவர், விதி அப்படித்தானாம். கீத் ஒரு வரி சேர்த்திருந்தார்: இனிமேல் பிசியோ கடிதம் யாரிடமிருந்தும் வாங்குவதில்லையாம். யாரிடமிருந்தும் என்றுதான் எழுதியிருக்கிறார்.

2 ஜூன், திங்கள்

நீலப் பட்டி தபாலில் வந்தது. ஒரு ஓரத்தில் சேப்டி பின் குத்திய இரண்டு ஓட்டை. அவள் குத்தியது.

சிறிதரன் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பல்சரக்குக் கடையில் ஹம்சா. ஒரே வரிசை. பருப்புப் பக்கம் திரும்பி நின்றாள். நானும் தேவையில்லாமல் இரண்டு கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

யாரோ சொன்னார்களாம், நிரூபா தோற்ற ஆத்திரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று. அவள் சொன்னபடியே.

8 நவம்பர், சனி

புதிய பருவத்தின் முதல் ஓட்டம். கார்ப் பயணம் இரண்டரை மணி. இந்த முறை சத்தியபாமா கூட வந்தாள், பிளாக்டவுனில் இருந்து போன மாதம்தான் மெல்பேர்ணுக்கு மாறிவந்த நேர்ஸ். நாற்பத்தொரு வயது. நல்ல பிள்ளை. வாய் ஓயாமல் கதைத்தாள். அந்தக் காலத்து ஓட்டக்காரரைப்பற்றி நீங்கள் நிறைய வைச்சிருக்கிறியளாம், சொல்லுங்கோவன் என்றாள். ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன்.

மைதானத்துக்கு வந்ததும் தன் ஆணிச் சப்பாத்தை என் மடியில் வைத்தாள். "அக்கா, இதை ஒருக்கா பாருங்கோ, ரொயிலற்றுக்குப் போட்டு வாறன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்ததும் என் விரல் உள் அட்டைக்குக் கீழே போய்விட்டது. அட்டை, பசை, கொஞ்சம் மணல். மற்றதையும் கிளப்பிப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. திரும்ப அழுத்தி ஒட்டிக்கொண்டிருக்கும்போது நிழல் விழுந்தது. சத்தியபாமா முன்னால் நின்றாள்.

"என்னக்கா, கல்லுக் கில்லுக் கிடந்ததோ?"

"ஓம்," என்றேன். "எடுத்துப்போட்டன்."

நன்றி சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டு புறப்படும் கோட்டுக்குப் போனாள்.