அமாவாசையன்று எடுத்த அளவு

என் அண்ணாவுக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபின் ஊரில் மின்வெட்டு அதிகமாகிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் இருட்டினால் தறி நிற்கிறது. "உங்க அண்ணன் போட்ட பிளான் எங்கம்மா போச்சு?" என்று கேட்கிறார்கள்.

பத்து வருஷம் கழித்து இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று கணக்கிடுவது, மின்சார ஆபீஸில் பொறியாளனான உன் வேலை. நிலா இல்லாத நாளில்தான் விளக்கு அதிகம் எரியும் என்று, அமாவாசையாகப் பார்த்துப் பாளையத்தில் டிரான்ஸ்பார்மர் அடியில் அளவெடுக்கப் போய் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டு நெசவுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அமாவாசைன்னிக்கி எவன் சார் தறியில குந்துவான்? நாளைக்கி வாங்க, வீட்டுக்கு வீடு லைட்டு எரிஞ்சிக்கினு இருக்கும்."

அமாவாசை நெசவுக்காரர்களுக்கு விடுமுறை நாள்; இங்கேயே பிறந்து வளர்ந்தும் உனக்கு அது தோன்றவில்லை. வீட்டில் சொல்லிச் சிரித்தாய். சாப்பாட்டுக்கு நடுவே சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாய்:

"அளக்கிற அன்னிக்கி இருட்டா இருந்தா தேவையே இல்லன்னு எழுதிடறோம்மா. முசரவாக்கம் காலனிக்கும் அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம்."

ஊர்த்தெருவோடு நின்றுபோன கம்பி அந்தக் காலனிக்குள் நுழைந்ததே இல்லை. அந்த வீடுகளையும் நீ கணக்கில் சேர்த்தாய். உன் மேலதிகாரி அவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டார். "மனு போடாதவனுக்கு எதுக்குப்பா லைட்டு? அவன் கேட்டானா?" கம்பமே இல்லாத தெருவில் நின்று எதைக் கேட்பான்? ஊர்த்தெருக்காரர்கள் வயலில் என்றாவது பம்ப்செட் வரும் என்று, யாரும் கேட்காமலே கம்பி இழுத்துவைத்தவர்கள்தானே இந்த ஆபீஸ்காரர்கள்?

இப்போது அடுத்த பத்து வருஷத்துக்குத் திட்டம் எழுதுகிறார்கள். போய்க் கேட்டேன். "இருக்கிறவங்களுக்கே கரண்ட் பத்தல, புதுசா எப்படிம்மா சேக்கறது?" என்கிறார் அதே மேலதிகாரி. அன்று ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்காததால் அவர்களுக்கென்று மின்சாரம் தேடவில்லை. இன்று மின்சாரம் இல்லை என்று ஆளைத் தள்ளுகிறார்கள். இதற்குப் பெயர் பற்றாக்குறையா, அண்ணா?

காலனியில் வீடு வீடாகப் போய் மனு எழுதுகிறேன். செங்கல் சூளைக்காரர் ஒருவர் கேட்டார்: "கைநாட்டு வச்சா வெளக்கு வந்துருமாம்மா?"

"வராதுங்க. ஆனா நீங்க கேக்கலன்னு இனிமே சொல்ல முடியாது."

"அப்ப ரெண்டு கையிலயும் வாங்கிக்கோ" என்று நீட்டினார்.

நீ சேர்த்ததை ஒரே கோட்டில் அடித்தார்கள். இந்த மனுக்களை அடிப்பதானால் ஒவ்வொன்றாக, மனு போட்டவர் முகத்தைப் பார்த்தபடி அடிக்கட்டும். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போவேன். நாள்கூடப் பார்த்துவிட்டேன். அமாவாசை இல்லை, சிரிக்காதே.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கை