எடை குறைந்த கூடை

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்டெல்லா எழுதுவது. தலைச்சோலையில் பனி அதிகமா? முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் சிக்னல் பாதியில் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். நான் நன்றாக இருக்கிறேன். புனேயில் குளிர் ஒன்றும் பெரிதில்லை.

இங்கே என் வேலை ஒரு படம் வரைவது. மேல் கட்டத்தில் கம்பெனியின் குறிக்கோள், கீழ்க் கட்டங்களில் தினசரி வேலைகள், இரண்டையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். போன வாரம் மேனேஜர்களுக்கு விளக்கினேன். ஒருவர் கொட்டாவியே விட்டார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

படத்தை அழித்துவிட்டு நம் எஸ்டேட்டைச் சொன்னேன். முதலாளிக்குப் பழுத்த காப்பிப் பழம் மட்டும் வேண்டும். கணக்கெழுதும் ரைட்டரோ கூடையின் எடையைப் பார்த்துத்தான் கூலி போடுகிறார். அதனால் எல்லாரும் பச்சைக் காயையும் சேர்த்து உருவுகிறார்கள். உடனே மேனேஜர்களுக்குப் புரிந்துவிட்டது. இங்கேயும் வாடிக்கையாளரின் குறை தீர வேண்டும் என்கிறார்கள், ஆனால் எத்தனை போன் எடுத்தோம் என்றுதான் எண்ணுகிறார்கள்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உங்கள் கூடை நினைவுக்கு வந்தது. தினமும் அதுதான் எடை குறைவாக நிற்கும். "ஏனுங்கம்மா, கொஞ்சம் வெரசாப் பறிக்கக் கூடாதுங்களா?" என்பேன். "காய் பழுக்கட்டும் கண்ணு, அதுக்கென்ன அவசரம்" என்பீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காப்பித்தூளும் உங்கள் பழைய ஸ்வெட்டரும் கொடுத்தனுப்புங்கள். ஸ்வெட்டரைத் துவைக்க வேண்டாம்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா, இத்தனை வருடமும் உங்களுக்குக் கை வேகமாக ஓடாது என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் மகள்,
ஸ்டெல்லா