இரண்டாவது லைனில் காணாமல் போன வண்டி

மார்ச் 4

இன்றும் ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் பேசவில்லை. "பேனலில் மூன்றாவது விளக்கு மங்கல். கவனிக்கவும்" என்று ரிஜிஸ்டரில் எழுதி என் பக்கம் தள்ளினார். நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். விளக்கை மாற்றிவிட்டு, "கவனிக்கப்பட்டது" என்று எழுதித் திருப்பித் தள்ளினேன். பதினோராவது நாள்.

போன மாதம் சிக்னல் கோளாறில் ஒரு ரயில் இருபது நிமிடம் நின்றது. இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் செப்புக் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் "பராமரிப்புக் குறைவு" என்று எழுதினார். சிக்னல் பராமரிப்பு என்றால் இங்கே நான் ஒருத்திதான். அதற்குக் கீழேயே "திருட்டு" என்று எழுதினேன். அன்றிலிருந்து மௌனம்.

மார்ச் 6

"அந்தக் கம்பி இல்லேன்னா என்ன ஆகும்?" என்று வீட்டில் இவர் கேட்டார்.

சொன்னேன். தண்டவாளத்தில் சின்னதாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வந்தால் அதன் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும். மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், மறுமுனைக்கு வந்து சேராது. வரவில்லையென்றால் பேனலில் சிவப்பு. லைனில் வண்டி இருக்கிறது என்று அர்த்தம். கம்பி அறுந்தாலும் அதே சிவப்புதான்.

"மிதிச்சா ஷாக் அடிக்குமா?"

"டார்ச் பேட்டரி அளவுதான்."

அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

மார்ச் 9

மழை. இரண்டாவது லைனில் வண்டி போய் இரண்டு வாரம் ஆகிறது.

மார்ச் 11

மூன்று மணிக்கு, மின்கம்பி பழுதுபார்க்கும் ஒற்றைப் பெட்டி வண்டி வந்து இரண்டாவது லைனில் ஒதுங்கியது. ஒதுங்கியதும் பேனலில் சிவப்பு அணைந்துவிட்டது.

மாஸ்டர் பேனலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி பேனலை.

"ஏம்மா, அது அங்கதானே நிக்குது?"

"நிக்குது சார்."

"இதுல இல்லியே."

பதினெட்டு நாள் கழித்து முதல் பேச்சு.

பன்னிரண்டு நிமிடத்தில் பாசஞ்சர். பொத்தானை அழுத்தினால் அதையும் அதே லைனில் விட்டுவிடலாம், மெஷின் தடுக்காது. அவர் பாசஞ்சரை வெளியிலேயே நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். தண்டவாளத்தின் மேல்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு. துரு மின்சாரத்தை விடாது. இந்த வண்டிக்கோ அதை நசுக்குகிற எடை கிடையாது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் தேய்த்தேன். டிரைவர் வண்டியை அதன்மேல் நகர்த்தினார்.

"வந்துடுச்சு!" என்று மாஸ்டர் ஜன்னலில் இருந்து கத்தினார்.

சாயங்காலம் என் மேலதிகாரியான சிக்னல் பொறியாளர் போன் செய்தார். "பாசஞ்சர் முப்பத்தஞ்சு நிமிஷம் லேட். துரு கதையெல்லாம் வேணாம். கம்பிய மாத்தி இணைச்சிருப்பீங்க. விளக்கம் எழுதி வைங்க, நாளன்னிக்கு வரேன்."

மார்ச் 12

எழுதினேன். கிழித்தேன். ஒருவேளை நாந்தான் தப்பா இணைச்சேனா? இல்ல, ரெண்டு தடவ பாத்தேன். பாத்தேன்தானே?

மார்ச் 13

காலையில் நாற்பது வேகன் சரக்கு ரயில் ஒன்று இரண்டாவது லைனில் வந்து நின்று கிளம்பியது. துரு போன இடம் தெரியவில்லை. தண்டவாளம் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. என் சாட்சியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது.

பதினொரு மணிக்குப் பொறியாளர் மீட்டரோடு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க பராமரிப்புக் குறைவுன்னு எழுதிடுங்க சார், முடிஞ்சுது. போன மாசமும் அப்படித்தானே எழுதியிருக்கீங்க" என்றார் மாஸ்டரிடம்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக, இரண்டு பக்கமும். கம்பி விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருக்கிறது. இரண்டாவது மெமோ என்றால் வேலையே போகும்.

"அது கோவத்துல எழுதினது சார். கம்பி திருட்டுப் போனது எனக்கும் தெரியும். ஆனா இது நான் கண்ணால பாத்தது. வண்டி நின்னுச்சு, பேனல்ல இல்ல. இந்தம்மா தேய்ச்சதும் வந்துச்சு. லைன மூடி, பத்து நாள் மழையில போடுங்க. அதே வண்டிய நிறுத்திப் பாருங்க. பேனல்ல தெரிஞ்சா எங்க ரெண்டு பேருக்கும் மெமோ குடுங்க."

வெளியே குழாயடியில் போய் முகம் கழுவினேன். அழவில்லை. முகம்தான் கழுவினேன்.

மார்ச் 25

மறுசோதனை. பொறியாளர் பேனலைப் பார்த்தார், வண்டி இல்லை. ஜன்னலைப் பார்த்தார், இருந்தது. நாலைந்து தடவை பார்த்தார். பிறகு டீ கேட்டார்.

ஏப்ரல் 16

துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைத் தண்டவாளத்தின்மேல் வளைத்து வளைத்துப் பற்றவைத்து ஒரு வாரம் ஆகிறது. இன்று கொட்டுகிற மழையில் அந்த ஒற்றைப் பெட்டி வந்தது. உடனே சிவப்பு. அப்படியும் மாஸ்டர் எழுந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மழை விடும்வரை தன் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார். அதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.