பொருத்தினாய், பொருத்தம் பார்க்கவில்லை

என் ஒரே அண்ணனுக்கு,

ஆசையாகக் கூப்பிட்டுத் தொடங்கிவிட்டேன். இனி வருவது அவ்வளவு ஆசையாக இருக்காது, தாங்கிக்கொள். உயிரோடு இருந்தவரை நான் பேசிய ஒன்றையும் நீ முழுசாகக் கேட்டதில்லை. இப்போது எழுந்து போக முடியாதல்லவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷ நினைவு நாள். மூக்கண்டப்பள்ளியில் உன் பட்டறைக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கட்டப்போகிறார்கள். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு முன்பக்கம் நீண்ட அந்த மூக்கு லாரியில் சாய்ந்து நிற்கிறாயே, அந்தப் படம். மேலே 'டீசல் டாக்டர்' என்று பெரிய எழுத்து. கீழே அண்ணி சொல்லிப் போட்ட வரி: 'ஓட்டுநரின் அஜாக்கிரதையால் எங்களைப் பிரிந்தாய்.' ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மாதிரியை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "ஓகேவா அக்கா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று நாளாகப் பதில் போடவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் நடந்ததை, பட்டறையில் நான் பிறகு கேட்டறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐம்பது வயதான அந்த மூக்கு லாரியை வாங்கினாய். அதன் பழைய இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைத்து விற்ற ஒரு பெரிய வண்டியின் ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜினைத் தூக்கி வைத்தாய். கியர்பாக்ஸை மட்டும் மாற்றவில்லை. அந்த நீளமான கியர் கம்பியும் அதன் சத்தமும் பெங்களூரிலிருந்து வாங்க வருகிறவருக்குப் பிடிக்கும் என்றாயாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கனத்த தகடு கடைந்து வைத்து, போல்ட் எல்லாம் ஓட்டையில் உட்கார்ந்ததும் "பொருந்திடுச்சு!" என்று குதித்தாயாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் பிறந்துவிட்டு நீ பார்த்தது ஓட்டைப் பொருத்தம் ஒன்றுதான். புது இன்ஜின் முறுக்குகிற முறுக்கை, அதை வாங்கிக் கியருக்குக் கடத்துகிற பழைய ஷாஃப்ட் தாங்குமா என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்கப் பயந்தாயா?

பயந்தாய். அதனால்தான் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாய். நான் கியர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால், "பொட்டப்புள்ள ஸ்கேல் புடிச்சு என்னாத்த அளக்கறா?" என்று பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தவன் நீ.

"எந்த இன்ஜினுக்குண்ணா?" என்று கேட்டேன்.

"பழசுக்குத்தான்டி. வேற எதுக்கு?"

கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். மதிய இடைவேளையில் அதன் கடினத்தன்மையைச் சோதித்தேன், விரிசல் பார்த்தேன். ஷாஃப்ட் சுத்தமாக இருந்தது. பாஸான பொருளுக்குக் கம்பெனியில் வைக்கிற மாதிரியே மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். கை பழகிய வேலை.

வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினால் என்ன பெருமை? கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரியில் கிரானைட் கல் ஏற்றி, மேட்டில் ஏற்றிக் காட்டினாய். ஓட்டியவர் டிரைவர் முனிராஜ். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பாதி மேட்டில் இன்ஜின் மட்டும் அலறியது, சக்கரம் கேட்கவில்லை. அத்தனை பாரத்தைப் பழைய பிரேக்கும் பிடிக்கவில்லை. பின்னால் உருண்ட வண்டிக்கு முட்டுக்கட்டை வைக்கக் குதித்தாய். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நம் ஆட்கள் முனிராஜை அடித்தார்கள். கிளட்சைத் தப்பாக விட்டான், கியரை உடைத்தான் என்று அடித்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், அடி விழ விழத் தெலுங்கும் தமிழும் கலந்து "நேனு காது அக்கா, நான் இல்லக்கா" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் சும்மா நின்றேன்.

வண்டி பட்டறைக்கு வந்ததும்தான் உள்ளே இருந்த புது இன்ஜினைக் கண்டேன், கியர்பாக்ஸைத் திறக்கவைத்துப் பார்த்தேன். கியரில் ஒரு பல்கூடப் போகவில்லை, எல்லாம் அப்படியே இருந்தது. முன் ஷாஃப்ட் மட்டும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கி அறுந்திருந்தது. கிளட்சை எவன் எப்படி விட்டாலும் பழைய இன்ஜினால் அதை அப்படி முறுக்கியிருக்க முடியாது. அறுந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி என் மஞ்சள் புள்ளி.

அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். உன் பேரைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். புள்ளி என்னுடையது என்பதால்தான் பூட்டினேன். நீ என்னிடம் சொன்ன பொய்க்கு நான் பதினோரு மாதம் காவல் இருந்திருக்கிறேன். உன்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்போ, அதே அளவு என்மேலும்.

போன வாரம் மத்திகிரிக்குப் போய் முனிராஜைப் பார்த்தேன். அவருக்கு யாரும் வண்டி கொடுப்பதில்லை. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்குகிறார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏத்தறதுக்கு முன்னாடியே சத்தம் சரியில்லன்னு சொன்னேங்க்கா. 'என் தங்கச்சி ஓகே போட்டிருக்காடா, உனக்கு என்ன தெரியும், ஏத்து'ன்னாரு. நீங்க போட்டதுன்னாரு, அதான் நம்பிட்டேன்."

கேட்டாயா அண்ணா? வாழ்நாளில் என் வேலையை நீ மதித்துப் பேசியது அந்த ஒரு தடவை. அதுவும் இன்னொருவன் வாயை அடைக்க.

நீ இல்லாத வீட்டில் உன்னை நினைத்து அழாத நாள் இல்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை உன் படத்துக்கு முன்னால் அந்த ஷாஃப்டை வைப்பேன். புள்ளி மேலே தெரிகிற மாதிரி வைப்பேன். நீ சொன்ன பொய்யையும் நான் பூட்டியதையும் அண்ணி முன்னாலேயே சொல்வேன். முனிராஜ் வந்து முதல் வரிசையில் உட்காருவார். அண்ணி அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

கடைக்காரருக்கு இப்போதுதான் பதில் அனுப்பினேன்: "ஓகே இல்லை. கடைசி வரியை எடுத்துவிடுங்கள்."

உன் பொய்க்குப் புள்ளி வைத்தவள்,
உன் கூடப்பிறந்த கலா