கண்ணில்லாத மீனும் பட்டுக்கடை விளக்கும்

அக்கா,

நேற்று வேலூரில் பல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி. நாள்பட்ட தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியதும் பழைய அருவருப்பு ஒன்று திரும்பி வந்தது. பல்வலியோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏனென்று சொன்னால் உங்களுக்குத்தான் புரியும். நீங்களோ இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரே பள்ளியில் நீங்கள் விலங்கியலும் நான் தமிழும் கற்பித்தோம். உங்கள் தம்பி மெட்ராஸிலிருந்து பாலிதீன் பையில் கொண்டுவந்த அந்த ஜோடி மீன்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளிறிய சதை நிறம். கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். குகை இருட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணை இழந்த இனம் என்றீர்கள்.

அவை குஞ்சு பொரித்ததும் என்னை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப் போனீர்கள். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டினீர்கள். நிழல் பட்டதும் பார்வையில்லாத அந்தப் பொடிக்குஞ்சுகள் மேலே எழும்பி வந்தன.

"பாத்தியா, நெழலு தெரியுது அதுங்களுக்கு. மண்டைக்குள்ள பினியல்னு ஒரு சுரப்பி இருக்குது. வெளிச்சம் தோலைத் தாண்டி அங்க போயி படுதுன்னு நெனைக்கிறேன்."

அதன் பிறகு எனக்கு அவை அருவருப்பாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் நெய்துகொடுத்துக்கொண்டிருந்த பட்டுக்கடை முதலாளி, புதுக் கடையில் வைக்க அந்த ஜோடியைக் கேட்டார். மறுக்க முடியாமல் கொடுத்தீர்கள். வெளிச்சம் அதிகம் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். அவர் தொட்டியின் மேலேயே பெரிய பல்பை மாட்டி, பகலெல்லாம் எரியவிட்டார். மீன்கள் கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன.

"கண்ணே இல்லாததுக்கு லைட்டு என்னங்க பண்ணும்?" என்று சிரித்தார்.

சூட்டில் இரண்டும் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். ஆனால் கடையில் கண்ணில்லாத மீனைக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. போய்ப் பார்த்தோம். சாதாரணக் கெண்டைக் குஞ்சுகள். கண் இருந்த குழிகளில் வெள்ளையாகச் சீழ். ஒன்று கண்ணாடியில் முட்டி முட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஊசியால எடுத்துட்டோம், டீச்சர். வர்ற ஜனங்க கேக்குறாங்களே!"

"கண்ணில்லாம பொறக்கறது வேற. கண்ணைப் புடுங்கறது வேற" என்றீர்கள்.

"மீனுதானே? கொழம்பு வச்சா துன்ன மாட்டீங்களா?"

"துன்னுவேன். வேடிக்கை காட்டறதுக்குக் கண்ணைப் புடுங்க மாட்டேன்."

கையைத் தொட்டிக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே அழுத்தில் அவற்றின் வேதனையை முடித்தீர்கள். பட்டு விரித்துக் காட்டும் பாயின்மேல் தண்ணீர் சொட்டியது. முதலாளி கத்தினார். மறுநாளே உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குத் தறிக்கான பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு முதலாளி கிடைக்கும்வரை தறி சும்மாவே கிடந்தது. "நீ செஞ்சது சரிதான், அத்தோட வுடு" என்று அண்ணன் சொன்னதை நீங்கள் பிறகு என்னிடம் சொல்லி அழுதீர்கள்.

முதலாளிமேல் இருந்த கோபத்தைக்கூட மறந்துவிட்டேன், அக்கா. அன்று ஈரக்கையோடு நீங்கள் படியிறங்கினீர்கள். நான் செருப்புப் போட நின்றேன். அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள் பாயில் இன்னும் வாகாக உட்கார்ந்து, "அந்த அரக்கு பார்டரே போடுங்க" என்றாள். அந்தக் குரல்தான் இன்னும் என்னோடு இருக்கிறது. அதன்மேல் எழுந்த அருவருப்பு என்னை விட்டுப் போகவேண்டாம் என்றுதான் அதை மறக்காமல் வைத்திருக்கிறேன்.