புளிக்க வைத்த மண்

19-8-1957, திங்கள்

எங்கள் ஊரில் ஜீப்பை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக முத்துகிருஷ்ணன் சார் கேட்டார்: "ஏசுதாஸ், உன் ஆளுங்க வந்தாச்சா?"

உன் ஆளுங்க. மெட்ராஸ் கட்டட ஆராய்ச்சிக்கூடத்தில் அவரிடம் ஓவர்சியராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளாவது 'நம்ம ஓவர்சியர்' என்று சொல்லியிருப்பாரா? வேலை என்று வந்தால் மட்டும் சேரி முழுக்க எனக்குச் சொந்தமாகிவிடுகிறது. சொந்தம்தான். அதை இவர் சொல்ல வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு "வந்தாச்சு சார்" என்றேன். காரியம் பெரிது. செம்மண்ணில் நூற்றுக்கு ஆறு பங்கு சிமெண்ட் கலந்து, இரண்டு பலகைக்கு நடுவே கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து ஒரு சோதனைச் சுவர் எழுப்ப வேண்டும். அது தண்ணீருக்கு நின்றால் எங்கள் சேரிக்கு இருபது வீடு. நிற்காவிட்டால் ஃபைலைக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். போன ஐப்பசி மழையில் சுவர் சரிந்து முனியன் அண்ணனின் கால் ஒடிந்தது. இன்னும் எழுந்து வேலைக்குப் போக முடியவில்லை. இதோ அடுத்த ஐப்பசி வருகிறது.

23-8-1957

பழைய மண்கட்டடங்களையும் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் சார். ஊர்ப் பண்ணைக்காரர் வீராசாமி அவர்களின் களத்தில் எண்பது வருஷமாக நிற்கிற மண்மதில் ஒன்று இருக்கிறது. போனேன். கொல்லைப் பக்கம் வரக்கூடாதாம். தெருப்பக்கம் நின்று சுரண்டிக்கொண்டு போகட்டும் என்று அந்த வீட்டு அம்மா தாயாரம்மாள் ஆள் விட்டுச் சொன்னார்கள். கையில் சர்க்கார் நோட்டுப் புத்தகம் இருந்தும் இதுதான் மரியாதை.

அந்த மதிலுக்கு மண் மிதித்தது யாரு? முனியன் அண்ணனுடைய தாத்தா! அண்ணன் சம்சாரம் சிட்டம்மாக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மண்ணில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் போட்டு மிதித்து, இரண்டு மூன்று ராத்திரி புளிக்க வைத்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும். "புளிக்காத மண்ணு பச்சப் புள்ள மாதிரி ஏசு, நிக்காது" என்றார்கள். நன்றாகச் சொன்னார்கள். அப்படியே குறித்தேன்.

2-9-1957

வேலை ஆரம்பம். பன்னிரண்டு பேர், சிட்டம்மாக்காதான் தலைமை. சார் இங்கிலீஷில் டைப் அடித்த விதிமுறை ஆறு பக்கத்தைக் கையில் திணித்துவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். அதை இவர்களிடம் படித்துக் காட்டவா? எரிச்சலாக வந்தது. பரம்பரையாக மண்ணிலேயே கிடக்கிறவர்களுக்கு மெட்ராஸ்காரன் பாடம் எடுப்பதா? "உங்க வழக்கப்படியே பண்ணுங்க, இந்தத் தூளை மட்டும் சேத்துக்குங்க" என்று சிமெண்ட் அளக்கும் பெட்டியைக் காட்டினேன். அதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று பட்டது.

5-9-1957

சுவர் முடிந்தது. ஆறடி நீளம், நாலடி உயரம். நான் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் கலந்த மண் தயாராக இருக்கும், திமிசுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். முத்துகிருஷ்ணன் சார் வந்து பார்க்கட்டும், என் ஆளுங்க லட்சணத்தை.

3-10-1957, வியாழன்

கரைந்துவிட்டது.

நாலு வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காத்த சுவர். கைப்பம்பால் தண்ணீர் பீச்சினோம். கால் மணி நேரத்துக்குள் மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. சார் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். "சிமெண்ட் சுவருக்குள்ள போகலை. எங்க போச்சுன்னு உனக்கா தெரியாது?" எல்லார் எதிரிலும் கேட்டார்.

அவரை விட்டுவிட்டு, அக்கா பக்கம் திரும்பிக் கத்தினேன். "உங்களுக்காகத்தானே நாயா அலையறேன். வித்துத் தின்னுட்டீங்களா?"

அப்படித்தான் சொன்னேன். எழுதிப் பார்க்கக் கேவலமாக இருக்கிறது. ஆனால் சிமெண்ட் எங்கே? இன்னாதான் பண்ணாங்க? இருபது வீட்டையும் இரண்டு மூட்டைக்குத் தொலைச்சிட்டாங்களே!

"எதுவும் எடுக்கல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்கள். என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டினவர்கள். இத்தனை வருஷத்தில் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

4-10-1957

உதிர்ந்த மண்ணை அள்ள ஒருத்தரும் வரவில்லை. வராமல் போகட்டும்.

5-10-1957, சனி

சார் சொல்லி, தலையாரி தாண்டவராயன் சேரியில் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டான். நானும் கூடவே நின்றேன். அக்கா வீட்டில் அகப்பட்டது ஒரே ஒரு காலி சாக்கு, முனியன் அண்ணனின் காலுக்கு அணையாக மடித்து வைத்திருந்தது. அதைக் கொடுத்ததே நான்தான். அதைத் தலையாரியிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்துக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் போன பிறகு அண்ணன் படுத்தபடியே கேட்டார். "தூளு அத்தினியும் மண்ணுலதான் கீது ஏசு. சாயங்காலமே கலந்து, ராத்திரி பூரா புளிக்க வெச்சு, காலைல இடிச்சாங்க. அப்பக்கூடவா புடிக்கல?"

ராத்திரி பூரா. தண்ணீர் பட்டால் சிமெண்டுக்கு ஒரு மணி நேரம்தான் உயிர். அதற்குள் இடித்து முடிக்க வேண்டும். விடிந்தபோது அது வெறும் சாம்பல். கட்டி கட்டியாக இருந்ததாம், தண்ணீர் தெளித்துக் கையாலேயே உடைத்தார்களாம். அவ்வளவு சிரத்தை!

அறைக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் இரண்டு. என் கையெழுத்து. உங்க வழக்கப்படியே பண்ணுங்க. விதிமுறையில் நாலாம் பக்கம் அடிக்கோடு போட்டே இருக்கிறது, ஒரு மணி நேரம் என்று. அதைப் படித்துக் காட்டத்தான் எனக்கு, இந்தத் துரைக்கு, எரிச்சல். வழக்கம் என்னவென்றும் தெரியும், சிமெண்ட் என்னவென்றும் தெரியும். இரண்டும் தெரிந்தவன் ஊரில் நான் ஒருத்தன்தான். மடையன்.

7-10-1957

சாரிடம் சொன்னேன். "ஓவர்சியர் தப்புன்னு போனா உனக்குத்தான் கஷ்டம். கூலியாட்கள் கவனக்குறைவுன்னு போட்டுடு" என்றார். எனக்கு நல்லது செய்கிறாராம். திருட்டுப் பட்டம் போய் இப்போது கவனக்குறைவுப் பட்டம்!

போடவில்லை. தவறு என்னுடையது, கூலியாட்கள் எதையும் திருடவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் நானே சேர்த்தேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் பெரிய அதிகாரி வருகிறார், காட்ட ஏதாவது வேண்டும். மிச்ச சிமெண்டில் இன்னொரு சுவர் போடச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சேரி நடுவில் நின்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலாம் பக்கத்தையும் எல்லாருக்கும் தமிழில் சொன்னேன். "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்கள்.

9-10-1957

என் கடிகாரத்தை அக்கா நம்புவதில்லை. என்னையே நம்பவில்லை, கடிகாரத்தையா நம்புவார்கள்? வாலாஜாபாத் பஸ் ஒன்று போகும், ஒரு மணி கழித்து எதிர்ப் பஸ் வரும். போகிற பஸ்சுக்குத் தண்ணீர், வருகிற பஸ்சுக்குள் இடித்து முடிக்கிறார்கள்.

14-10-1957, திங்கள்

சுவரின் கடைசி வரிசை. பெரிய அதிகாரி கண்ணெதிரே இடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு வருகிறார் என்று மண்ணைக் கலந்து வைத்தால், ஜீப்பைக் காணோம். வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. "ம், ஆரம்பிக்கட்டும்" என்றார் முத்துகிருஷ்ணன் சார்.

அக்கா நகரவில்லை. "பஸ்சு வந்து போயிடுச்சு. இது செத்த மண்ணு. இத்த சொவுத்துல போட மாட்டேன்."

"ஒரு வரிசைதானே, பெரியவர் பார்க்கிறதுக்கு" என்று சார் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அந்த நாலாம் பக்கத்தை டைப் அடித்ததே இவர்தான்! மண்வெட்டியை எடுத்து, கலவை முழுவதையும் வாரி ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டினேன். தெறித்ததில் பெரியவர் பூட்ஸ் எல்லாம் சேறு. புதிதாகக் கலந்து முடிக்கும்வரை பெரிய அதிகாரி வெயிலில்தான் நின்றார்.

22-11-1957

நாலு நாளாக அடைமழை. ஏரி நிரம்பிவிட்டது. சேரியில் ஏழு வீட்டுச் சுவர் விழுந்தது. சோதனைச் சுவரில் நகத்தால் கீறினேன், நகம்தான் உடைந்தது.

3-1-1958, வெள்ளி

இருபது வீட்டுக்கும் உத்தரவு வந்துவிட்டது. சுவர் முத்துகிருஷ்ணன் சாருடைய ஆராய்ச்சி என்று போட்டிருக்கிறது. அதே தபாலில் எனக்கும் ஒரு கடிதம்: ஓவர்சியர் வேலையிலிருந்து இறக்கி, மெட்ராஸில் கிடங்கு குமாஸ்தாவாகப் போட்டிருக்கிறார்கள். செய்த தப்புக்குத் தண்டனை என்றால் வாங்கிக்கொள்வேன். இது பூட்ஸ் சேற்றுக்கு.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஆத்திரம் தாங்காமல் கத்தினேன். இனிமே எவன் வருவான், நாலாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டுவானா, இருபது வூட்டையும் நாசம் பண்ணிடப் போறானுங்க என்று. முனியன் அண்ணன் சாக்கின்மேல் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"நீ போயிட்டா இன்னா ஏசு, பஸ்சு வராதா?"